போத்தலின் அடியில் நின்ற ஒயில்

1983 ஜூலை 27, புதன்கிழமை பின்னேரம், என் அப்பா பாலேந்திரனும் அம்மா கமலாசனியும் கலகெதரயிலிருந்து புறப்பட்டார்கள். தங்களுடைய மோட்டார் சைக்கிளில் அல்ல. அது சாஹுல் ஹமீதின் கொட்டிலுக்குள், தேங்காய் மட்டைக் குவியலுக்கு அடியில் கிடந்தது. அவர்கள் ஏறியது ஹமீதின் வண்டியில்.

முதல் நாள் கண்டியில் தமிழர் கடைகள் எரிந்தன. அப்பா நில அளவைக் கந்தோரில் படம் வரைபவர். அம்பிட்டியில் வாடகை வீடு. அங்கே கேற்றில் யாரோ கரியால் அடையாளம் போட்டிருப்பதைக் கண்டவுடன் அம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கட்டுகஸ்தோட்டை வழியாகக் கலகெதரையில் ஹமீதின் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டார். ஓடிவந்த வண்டி ஒரு பழைய பி.எஸ்.ஏ., ஃபோர்-ஸ்ட்ரோக். அதன் சத்தத்தை அந்த வழி முழுக்க அறியாதவர்கள் இல்லை. புதன் காலை கலகெதர பஜாரில் இரண்டு பேர் வந்து விசாரித்தார்கள்: அந்த அம்பிட்டி மெஷின் எந்த வீட்டுக்குள் போனது?

ஹமீது பஜாரில் டயர் கடை வைத்திருந்தவர். அப்பாவைவிடச் சில வயது மூத்தவர். கடையை இழுத்து மூடிவிட்டு வந்து திட்டத்தைச் சொன்னார். கலகெதரயைக் கடந்ததும் குருநாகல் வீதி மலையை விட்டு வளைந்து வளைந்து இறங்கும். அந்த இறக்கத்தின் முக்கால்வாசியில் ஒரு றப்பர் தோட்டத்து வழி பிரிகிறது. அங்கே ஹமீதின் மச்சான் கொப்பரா லொறியோடு நிற்பார். இருவரையும் மூட்டைகளுக்குள் ஒளித்துக்கொண்டு லொறி புத்தளம் போகும். அங்கிருந்து மன்னார், பிறகு யாழ்ப்பாணம். லொறி மேலே வர முடியாது, பஜாரில் பார்த்துவிடுவார்கள். இறக்கத்தின் அடியிலுள்ள சந்தியில் ஒரு கூட்டம் பொல்லுகளோடு நிற்பதாகவும் கேள்வி. ஆகையால் றப்பர் வழிவரைக்கும் மோட்டார் சைக்கிளில், முடிந்தவரை சத்தமில்லாமல்.

"நானா, இந்த நுளம்பில இவவையும் ஏத்திக்கொண்டு போகச் சொல்லுறியளோ?" என்று, அண்ணன் முறையில் ஹமீதை நானா என அழைத்து, அப்பா கேட்டாராம்.

"நுளம்புதான். ஆனா இந்த நுளம்புல போறது நீங்கண்டு ஒருத்தனுக்கும் தெரியாது. ஒங்கட எருமை செருமினா மாவத்தகம மட்டும் கேக்கும்."

"எருமை ஒருநாளும் விழுத்தினதில்லை."

"இன்டக்கி வேணாம் தம்பி. அத நான் பாத்துக்கொள்றேன். பெற்றோல்ல ஒயில் கலந்து ஊத்தீக்கிறேன். இறக்கத்தில எக்சிலேட்டர மூடிக்கிட்டே போகாதீங்க. எடைக்கிடை ஒரு முறுக்கு முறுக்குங்க."

"எனக்கோ சொல்லித் தாறியள்?"

இதுதான் அவர்கள் நேருக்கு நேர் பேசிய கடைசிப் பேச்சு. இதை எனக்குச் சொன்னவர் அம்மா. பிறகு ஹமீதும் சொன்னார். இருவர் சொன்னதிலும் ஒரு சொல்கூட மாறவில்லை. அப்பா சொல்லும் கதையில் மட்டும் இந்தப் பேச்சே வருவதில்லை.

கொசுப் போன்ற ஹமீதின் சின்ன டூ-ஸ்ட்ரோக் நுளம்பு, அப்பாவின் பாரமான பி.எஸ்.ஏ. எருமை: இதெல்லாம் பழைய சண்டை. எழுபதுகளில் கண்டியைச் சுற்றிய தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ரயல்ஸ் நடக்கும். வெள்ளைக்காரத் துரைமார் தொடங்கி, கைவிட்டுப் போன விளையாட்டு. இதில் வேகத்துக்கு மதிப்பில்லை. பாறை, ஓடை, வேர், சேறு உள்ள ஒரு துண்டு நிலத்தைக் கொடியால் எல்லை கட்டி விடுவார்கள். அதை மோட்டார் சைக்கிளில், காலை நிலத்தில் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு தரம் ஊன்றினால் ஒரு புள்ளி குற்றம். விழுந்தால், நின்றுபோனால் ஐந்து. குற்றம் குறைந்தவர் வெல்வார்.

ஒவ்வொரு துண்டுக்கும் ஒருவர் நின்று பார்க்க வேண்டும் என்பது விதி. கண்டிக் கழகத்தில் அவ்வளவு ஆட்கள் இல்லை. ஆகவே இங்கே ஒரு வழக்கம் வந்தது: ஓட்டியவரே தன் குற்றத்தைக் கூவிச் சொல்ல வேண்டும். முதலில் இடத்தின் பெயர், பிறகு எண். "ஹந்தான ஓடை, ரெண்டு." "பெரிய பாறை, அஞ்சு." வேறு யாரும் சொன்னால் கணக்கில்லை. பார்த்தவனும் சொல்லக்கூடாது. ஓட்டியவன் சொன்னதுதான்.

ஒரு முறை ஹந்தான ஓடையில் அப்பாவின் சப்பாத்து நுனி பன்னச் செடி மறைத்திருந்த கல்லில் பட்டது. ஒருவரும் காணவில்லை. அப்பா வண்டியை நிறுத்தி, "ஹந்தான ஓடை, ஒண்டு" என்று கூவினார். அந்த ஒன்றால் அன்றைய கோப்பை ஹமீதுக்குப் போயிற்று. ஹமீது அந்தக் கோப்பையைக் கடை மேசையில் வைத்து, வருகிறவர்கள் எல்லோருக்கும் அதைக் காட்டி அப்பாவைப் புகழ்ந்தார். தான் வென்றதைச் சொல்ல அவருக்கு அது ஒரு சாட்டாகவும் இருந்தது. ஹமீது அடக்கமான மனிதர் அல்ல. வாய் ஓயாது. டயர் வாங்க வந்தவரிடம் டூ-ஸ்ட்ரோக்கின் பெருமையை அரை மணி நேரம் பேசிவிட்டுப் பழைய டயரைப் புதிது போலத் தலையில் கட்டிவிடுவார்.

அந்தப் பெருமை இதுதான்: டூ-ஸ்ட்ரோக் பாரம் இல்லாதது. விழுந்தால் ஒரு கையால் தூக்கலாம். உள்ளே வால்வு இல்லை, நூறு சாமான் இல்லை. தொட்டால் பாயும்.

அப்பாவின் பக்கம் வேறு. ஃபோர்-ஸ்ட்ரோக் பாயாது, இழுக்கும். ஆட்கள் நடக்கும் வேகத்தில், ஒவ்வொரு வெடிப்பையும் தனித்தனியாக எண்ணக்கூடிய அளவுக்கு மெதுவாக, ஈரப் பாறையில் சறுக்காமல் ஏறும். பின் சில்லு நிலத்தைத் தேடிப் பிடிப்பது கைக்குத் தெரியும் என்பார். இறக்கத்தில் எக்சிலேட்டரை மூடினால் போதும், எஞ்சினே பிடித்துக்கொள்ளும். பிரேக்கைத் தொடவே தேவையில்லை. ஹமீதின் வண்டி இறக்கத்தில் அப்படிப் பிடிக்காது.

பிடிக்காதது மட்டுமில்லை. அந்தச் சின்ன டூ-ஸ்ட்ரோக்கில் எஞ்சினுக்கெனத் தனி ஒயில் கிடையாது. பெற்றோலோடு கலந்த ஒயில்தான் உள்ளே போய்ப் பிஸ்டனை நனைக்கும். எக்சிலேட்டரை மூடினால் பெற்றோல் குறையும், கூடவே ஒயிலும். நீண்ட இறக்கத்தில் மூடியபடியே கியரில் இறங்கினால் எஞ்சின் காய்ந்து இறுகிவிடும். அதோடு பின் சில்லும் நின்றுவிடும். ஹமீது சொன்ன "ஒரு முறுக்கு" அதற்காகத்தான். அப்பாவுக்கு இது தெரியாததல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் இதையே சொல்லி ஹமீதைக் கேலி செய்தவர் அவர்தான்: "உங்கட வண்டிக்கு இறக்கத்திலயும் தேத்தண்ணி குடுக்கவேணும் நானா."

அன்றைக்கு அப்பா அம்மாவைக் காரியரில் மடித்த சாக்கின் மேல் இருத்தி இறங்கினார். முதல் இரண்டு வளைவிலும் முறுக்கினார். மூன்றாவது வளைவில் கீழே சந்தியிலிருந்து ஆட்களின் சத்தம் கேட்டது. அப்பா எக்சிலேட்டரை முற்றாக மூடினார். அதற்குப் பிறகு திறக்கவில்லை. பயமும் காரணம்தான். ஆனால் பத்து வருடம் ஃபோர்-ஸ்ட்ரோக் ஓட்டிய மணிக்கட்டு அது. ஆபத்து என்றதும் மூடத்தான் அதற்குத் தெரியும்.

"ஒரு சத்தமும் இல்லை. காத்து மட்டும். எனக்கு நிம்மதியா இருந்தது பிள்ளை," என்றார் அம்மா. "அப்பாட கையைத்தான் பாத்துக்கொண்டிருந்தனான். பிறகு கிரீச்செண்டொரு சத்தம். சில்லு நிண்டுட்டுது."

அம்மாவின் இடது முழங்கால் மதகுக் கல்லில் அடிபட்டது. லொறிக்காரர் மேலே ஓடிவந்து இருவரையும் தூக்கிக் கொப்பரா மூட்டைகளுக்கு நடுவில் போட்டார். மோட்டார் சைக்கிள் வீதியோர வடிகால் கானுக்குள் கிடந்தது. ஒழுங்கான வைத்தியம் கிடைக்கும்போது நாட்கள் கடந்துவிட்டன. எலும்பு கோணலாகப் பொருந்தியிருந்தது. அதற்குப் பிறகு அம்மா படியேறும்போதெல்லாம் இடது காலைக் கையால் தூக்கி வைத்தார். இருபத்தெட்டு வயது அப்போது.

யாழ்ப்பாணத்தில் சொந்தக்காரர் வந்து பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டார்கள். அப்பா சொன்னார்: "ஹமீது பெற்றோலுக்கு ஒயில் கலக்க மறந்துபோனார். அவசரம்தானே, பாவம்."

முதலில் இவ்வளவுதான். 'பாவம்' என்ற சொல்லும் கூடவே இருந்தது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு ராஜலிங்கம் என்பவர் ஒரு கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போனார். ஹந்தான பக்கத்துத் தோட்டமொன்றில் லொறி ஓட்டியவர், கழகத்தில் கொடி கட்டுகிறவர். அப்பாவைக் கண்டு பேசிவிட்டு வந்து ஹமீதின் கடையில் உட்கார்ந்தார். அந்தப் பேச்சை எனக்குச் சொன்னவர் ஹமீதின் மகள் ஹபீலா. அவர் அப்போது பள்ளிக்கூடப் பிள்ளை.

"நானா, அங்க ஒரு கதை போய்க்கிட்டிருக்குங்க. நீங்க ஒயில் ஊத்தலயாம்."

"அந்தக் கதய யாரு செல்றது?"

"அவருதாங்க."

ஹமீது எழுந்து போய் அலுமாரியைத் திறந்து ஒரு சோடாப் போத்தலைக் கொண்டுவந்து வைத்தார். கலவரம் அடங்கிய பிறகு கானுக்குள்ளிருந்து வண்டியை எடுத்துவந்தபோது தாங்கியில் மிஞ்சிய பெற்றோலை அதில் வடித்து, தக்கை அடைத்து வைத்திருந்தார். வெறும் பெற்றோலுக்கு இல்லாத கடும் நிறம்.

"மோந்து பாருங்க ராஜலிங்கம். இதில ஒயில் ஈக்கா இல்லயா?"

"இருக்குங்க. எனக்குத் தெரியுதுங்க. அவருக்குல்ல காட்டணும்."

அதைக் காட்ட வழியில்லை. அப்போது வடக்குக்குப் போகும் ரயில் ஓடினால் ஒரு வாரம், நின்றால் ஒரு மாதம். பிறகு அப்பா அம்மாவையும், அதற்குள் பிறந்திருந்த என்னையும் கொண்டு இலண்டனுக்குப் போய்விட்டார்.

1990இல் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைத் தமிழ் இயக்கம் ஒரே நாளில் வெளியேற்றியது. ஹமீதின் மனைவியின் தங்கை குடும்பம் அதில் ஒன்று. கையில் ஒரு பையோடு புத்தளத்துக்கு வந்து, ஓலைக் கொட்டிலில் இருந்தார்கள். அந்த வருடங்களில் இலண்டனில் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடுகளில் அப்பாவின் கதை மாறியது. 'மறந்துபோனார்' என்பது 'கலக்கேல்லை' என்றாயிற்று. 'பாவம்' என்ற சொல் உதிர்ந்துபோனது. விருந்தாளிகளில் யாராவது வெளியேற்றத்தைப் பற்றி வருத்தமாகப் பேசினால், அப்பா அம்மாவின் காலைக் காட்டுவார். "அவங்களை நம்பி ஏறினதுக்குக் கிடைச்சது இது," என்பார். மேசையில் எல்லோரும் தலையாட்டுவார்கள். அம்மா சோற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார், காலை இழுத்து இழுத்து.

ஒரு மனிதன் ஒயில் கலந்தானா என்ற கேள்வி, ஒரு சனத்தின் குணம் பற்றிய தீர்ப்பாக மாறியதை நான் சிறு வயதில் கறி பரிமாறிக்கொண்டே கேட்டேன்.

இங்கிலாந்தில் பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டும் தனியாக ட்ரயல்ஸ் நடத்துகிறார்கள். புதிய டூ-ஸ்ட்ரோக்குகள் எல்லாவற்றையும் வென்று முடித்த பிறகு, அந்த மெதுவான வெடிப்புச் சத்தத்துக்கு மனிதர்கள் ஏங்கத் தொடங்கியிருந்தார்கள். அப்பா குளிரில் கயிற்றோரம் நின்று பார்ப்பார். பக்கத்தில் நிற்பவரிடம், "எனக்கும் ஒன்று இருந்தது, கண்டியில்," என்பார். யாரிடம் இருக்கிறது என்று மட்டும் சொல்லமாட்டார்.

அது ஹமீதிடம்தான் இருந்தது. எண்பதுகளின் கடைசியில், சிங்கள ஊர்களிலும் இரவில் ஆட்கள் காணாமல் போன காலத்தில், கொட்டிலில் மோட்டார் சைக்கிள் இருந்தாலே சந்தேகம் விழும், ஆபத்து. ஹமீது அதைக் கழற்றி, துண்டு துண்டாகக் கொப்பரா மூட்டைகளுக்குள் வைத்தார். அடங்கிய பிறகு திரும்பப் பூட்டினார். வாழ்நாளெல்லாம் எருமை என்று கேலி செய்ததன் வால்வுகளை அவரே அளந்து சரிபார்க்கப் பழகினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் அதை ஒரு தரம் உதைத்துக் கிளப்புவார். கொழும்பிலிருந்து பழைய வண்டி சேர்க்கிறவர்கள் காரில் வந்து கேட்டார்கள்.

"விக்கிறதில்ல. இது அமானிதம்," என்பார். ஒருவர் நம்பி விட்டுப்போன பொருள். திருப்பிக் கொடுக்கும்வரை அது அவருடையதில்லை.

தன் டூ-ஸ்ட்ரோக்கைப் பழுது பார்த்து விற்றுவிட்டார். அதற்குப் பிறகு ட்ரயல்ஸ் ஓட்டவில்லை. கழகத்திலும் ஓட்ட ஆளில்லாமல் போயிற்று.

2008இல் நான் கலகெதரைக்கு வந்தேன். பல ஊர்களில் பல வேலை பார்த்து, ஒன்றிலும் நிற்காமல் திரிந்துவிட்டு வந்திருந்தேன். புறப்படுமுன் அம்மா ஒரு விஷயம் சொன்னார். அன்றைக்கு உடுத்த சேலையில் ஒயில் எரிந்த புகை மணம் புத்தளம் வரைக்கும் இருந்ததாம். மேலேயிருந்து அந்த மூன்றாவது வளைவு வரைக்கும் நீலப் புகை முகத்தில் அடித்ததாம். ஒயில் இல்லாமல் அந்தப் புகை வராது.

"இவ்வளவு நாளும் ஏனம்மா சொல்லேல்லை?"

"அவரோட இருக்க வேணுமே பிள்ளை," என்றார்.

ஹமீதுக்கு அப்போது சீனி வியாதி. ஒரு கண் மங்கல். நான் யாரென்று சொன்னதும் என் கால்களைத்தான் முதலில் பார்த்தார். பிறகு கதிரையைத் துடைத்துப் போட்டு, தேத்தண்ணி வரச் சொன்னார்.

"உம்மாட கால் எப்படி மகள்?"

சொன்னேன். கொட்டிலுக்குக் கூட்டிப்போனார். பி.எஸ்.ஏ.யைத் துடைத்து வைத்திருந்தார். காலில் பலமில்லாததால் கடைப் பெடியனைக் கூப்பிட்டு உதைக்கச் சொன்னார். அந்தச் சத்தத்தை நான் அதுவரை கேட்டதில்லை. ஒவ்வொரு வெடிப்புக்கும் இடையில் ஒரு சொல் பேசலாம் போலிருந்தது.

"இத ஒங்கட வாப்பாட்ட ஒருநாளும் செல்லல்ல," என்றார் ஹமீது. "இறக்கத்தில இது புடிச்சு நிக்குது. நுளம்பு நிக்காது. அவர் சென்னது சரிதான். நான்தான் மாத்திக் குடுத்தேன். இதிலயே போகச் சென்னீந்தா உம்மாட கால் தப்பீக்கும். இல்லாட்டி ரெண்டு பேரயும் சந்தியில எரிச்சீப்பாங்க. ரெண்டையும் யோசிச்சிப் பாத்துட்டேன். முடிவு வரல்ல."

அக்கா முறையில் நான் ராத்தா என்று அழைத்த ஹபீலா போத்தலைக் கொண்டுவந்து காட்டினார். தக்கை இருந்தபடியே இருந்தது. ஆனால் இருபத்தைந்து வருடத்தில் பெற்றோல் முழுவதும் தக்கையின் ஓரத்தால் ஆவியாகிப் போய்விட்டது. அடியில் ஒரு விரல் உயரத்துக்கு ஒயில் மட்டும் கறுத்து, கெட்டியாக நின்றது.

அம்மா சொன்ன புகையைப் பற்றிச் சொன்னேன். அம்மாவையே எழுதித் தரச் சொல்கிறேன், எல்லோருக்கும் அனுப்பலாம் என்றேன். ஹமீது கையை அசைத்து மறுத்தார்.

"பாத்தவங்க சென்னா கணக்கில்ல மகள். ஓட்டினவர் செல்லணும்."

அன்றைக்கே என் தொலைபேசியில் அப்பாவை அழைத்து, எங்கே நிற்கிறேன் என்று சொல்லி, அவர் பதில் சொல்லுமுன் ஹமீதின் கையில் கொடுத்தேன். ஹமீது ஸலாம் சொல்லவில்லை. "தம்பி" என்றார்.

பிறகு அப்பாவின் குரல் எனக்கும் கேட்டது. "நானா, மெஷின் என்ன மாதிரி?"

"எருமைக்கு என்ன. தின்டுட்டுக் கெடக்கு."

"காபரேட்டர் பழசோ?"

"அதே காபரேட்டர்தான். ஊசி மட்டும் மாத்தின."

"சைலன்சரில ஓட்டை விழுந்திருக்குமே."

"ஒட்டீக்கிறேன். ஒங்கட பின் சில்லு டயரும் நான்தான் போட்ட. புதுசு."

"நீங்கள் போட்டா புதுசோ நானா?" என்றார் அப்பா. ஹமீது சிரித்தார். அப்பாவும் சிரித்தார். இரண்டு பேரும் வால்வு இடைவெளி பற்றிப் பேசினார்கள், செயின் பற்றிப் பேசினார்கள். ஹமீது இடையிடையே பேச்சை நிறுத்தி, தொலைபேசியைக் காதோடு அழுத்திக் காத்திருந்தார். ஒவ்வொரு முறையும் அப்பா அந்த இடைவெளியை இன்னொரு கேள்வியால் நிரப்பினார். கடைசியில், வேலைக்கு நேரமாகிறது என்றார்.

ஹமீது தொலைபேசியை இரண்டு கையாலும் திருப்பித் தந்தார்.

"மெஷினப் பத்திக் கேட்டார்," என்றார். எனக்குக் கேட்கவில்லை என்று நினைத்தாரோ தெரியாது.

அடுத்த வருடம் பெப்ரவரியில் ஹமீது காலமானார். அவருக்காகக் கத்தம் ஓதிய சடங்குக்கு நான் போயிருந்தேன். ஊரில் அரைவாசிப் பேர் அவரிடம் டயர் வாங்கி ஏமாந்தவர்கள். எல்லோரும் வந்திருந்தார்கள். அப்பாவுக்கு அறிவித்தேன். "எப்ப?" என்று கேட்டார். சொன்னேன். "சரி," என்றார். மே மாதம் போர் முடிந்தது. இலண்டனில் அப்பா ஊர்வலங்களுக்குப் போனார், அநியாயம் பற்றிப் பேசினார். அவர் பேசியதில் பெரும்பகுதி உண்மை. அதனால் எனக்கு அது இன்னும் கசந்தது.

ஹபீலா ராத்தா மெஷினைக் கொண்டுபோகும்படி அப்பாவுக்கு இரண்டு தடவை சொல்லியனுப்பினார். வாப்பாவின் கழுத்தில் பாரம் இருக்கக் கூடாது என்றார். பதில் இல்லை. இப்போதும் அது அந்தக் கொட்டிலில்தான் நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் உதைக்க ஆளில்லை.

கடைக் கைத்தொலைபேசியை ராத்தா வைத்திருக்கிறார். டயர் கேட்டு இன்னும் ஆட்கள் அந்த இலக்கத்துக்கு அழைக்கிறார்கள். 2011 ஜூலையில் ஒரு நாள் அதில் வந்திருந்த குறுஞ்செய்தி ஒன்றை எனக்கு அனுப்பினார். இலண்டன் இலக்கம். ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். வாப்பாவுக்கு வந்தது, இதை நான் யாரிடம் கொடுக்க என்று மேலே எழுதியிருந்தார். கீழே அந்தச் செய்தி:

"கலகெதர இறக்கம். அஞ்சு."